“நானும் அதைக் கடந்து வந்தவள்தான்”

 

உங்கள் வீட்டில் இப்படி ஒரு சோதனை வந்து விட்டதாக ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

உம்மாவுக்குச் சில மாதங்களாக மலத்தோடு இரத்தம் போகிறது. மூலமாக இருக்கும் என்று தனக்குத்தானே முடிவு செய்து கொண்டு, கைமருந்து செய்து பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். ஒருநாள் தலை சுற்றி விழுந்த பிறகுதான் மன்னார் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனீர்கள். அங்கிருந்து வேறு வைத்தியசாலை, பிறகு பல பரிசோதனைகள். கடைசியில் டொக்டர் சொல்கிறார்: “மலக்குடலில் புற்றுநோய் இருக்கிறது. சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். வயிற்றில் ஒரு வழி அமைத்துப் பை போட வேண்டி வரலாம்.”

உம்மா அந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பாயில் படுத்தவர் இரவுச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. எல்லோரும் உறங்கிய பிறகு உங்களை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “புள்ள, இனி நான் எப்படித் தொழுவேன்?”

உங்களிடம் பதில் உண்டா? டொக்டரிடம் நோய்க்குப் பதில் இருக்கிறது. மௌலவியிடம் மார்க்கச் சட்டத்துக்குப் பதில் இருக்கிறது. ஆனால் உம்மா கேட்பது அது மட்டுமல்ல. “நான் இனியும் பழைய நானாக இருப்பேனா? பேரப்பிள்ளை மடியில் உட்காருமா? கல்யாண வீட்டுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்களா?” என்பதையெல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறார். அதற்கு முழுமையாகப் பதில் சொல்லக் கூடியவர் ஒருவரே. அதே சத்திரசிகிச்சையைச் செய்து, அதே பையை வயிற்றில் ஒட்டிக் கொண்டு, அதே தொழுகைப் பாயில் நிற்கின்ற இன்னொரு பெண். “நானும் அதைக் கடந்து வந்தவள்தான்” என்று அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரம் பெரிய மருந்து.

அந்த மருந்தை நமது ஊர்களில் எப்படித் தேடிக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெட்கம் செய்கின்ற கெடுதி

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி. சுமார் 12 முதல் 15 சென்றிமீற்றர் நீளம். இதில் வருகின்ற புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டு கொண்டால் குணமாகும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கிறது. ஆனால் அது வெளிக்காட்டுகின்ற அடையாளங்கள் எல்லாம் நாம் வாய் திறந்து பேசாத விஷயங்கள். மலத்தோடு இரத்தம் அல்லது சளி போதல், மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறி இருத்தல், போய் வந்த பிறகும் இன்னும் இருப்பது போன்ற உணர்வு, காரணமில்லாமல் உடல் மெலிதல், இரத்தம் குறைந்து களைப்பு வருதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

இரத்தம் போனாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆனால் மூலமா இல்லையா என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும், நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதில் தவறு ஒன்றுமில்லை. பெண் வைத்தியர் கிடைக்கவில்லை என்பதற்காக மாதக்கணக்கில் தள்ளிப் போடுவதுதான் தவறு. சிகிச்சைக்குத் தேவைப்படும்போது ஆண் வைத்தியரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை.

நோய் வரும் முன்னே வாயை அடைத்த அதே வெட்கம், நோய் வந்த பிறகு ஆளையே வீட்டுக்குள் அடைத்து விடுகிறது. மார்பில் வந்தால் ஓரளவு சொல்கிறோம். இதைச் சொல்வதில்லை. அதனால்தான் ஒரே ஊரில், ஒரே ஒழுங்கையில் இதே நோயைக் கடந்த இன்னொருவர் இருந்தாலும் ஒருவரை ஒருவர் அறியாமலே போய் விடுகிறோம்.

சத்திரசிகிச்சையில் என்ன நடக்கிறது?

தெரியாத ஒன்றுக்குத்தான் மனிதன் அதிகம் பயப்படுகிறான். ஆகவே சுருக்கமாகத் தெரிந்து கொள்வோம்.

பலருக்கு முதலில் கதிர்ச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் கொடுத்துக் கட்டியைச் சுருங்கச் செய்கிறார்கள். அதன் பிறகு நோயுள்ள குடற்பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். கட்டி சற்று மேலே இருந்தால் மீதிக் குடலை இணைத்து விடலாம். அந்த இணைப்பு ஆறும் வரை, வழக்கமாகச் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டு வந்து தற்காலிக வழி அமைப்பார்கள். சில மாதங்களின் பின் அதை மூடி விடுவார்கள். கட்டி மிகக் கீழே, மலவாசலைத் தொட்டபடி இருந்தால் மலவாசலையே எடுத்து விட்டு, பெரும்பாலும் இடப்பக்கத்தில் நிரந்தர வழி அமைக்க வேண்டி வரும். இந்த வழிக்கு ‘ஸ்டோமா’ என்று பெயர்.

ஸ்டோமா பார்ப்பதற்கு வாயின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் நோகாது. துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் வந்தால் பயப்படத் தேவையில்லை. மலம் எப்போது வரும் என்பதை அடக்கி வைக்க முடியாது. ஆகவே அதைச் சுற்றித் தோலில் ஒரு பை ஒட்டப்படுகிறது. சரியாக ஒட்டிய பையிலிருந்து வாடை வராது. உடுப்புக்கு மேலே தெரிவதும் மிகக் குறைவு.

இரண்டு சகோதரிகளின் கதை

இந்தப் பை எப்படி வந்தது தெரியுமா? டென்மார்க் நாட்டில் எலிஸ் சோரன்சன் என்று ஒரு தாதி. அவருடைய சகோதரி தோராவுக்கு வயிற்றில் வழி வைக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. எங்கே கசிந்து விடுமோ என்ற பயத்தில் தோரா வெளியே போவதையே விட்டு விட்டார். அதைக் கண்ட எலிஸ், தோலில் தானாக ஒட்டிக் கொள்ளும் ஒரு பையை யோசித்தார். இது 1954ஆம் ஆண்டு. பிளாஸ்ரிக் சாமான் செய்யும் ஒருவரிடம் அந்த யோசனையைக் கொண்டு போனார். அந்த மனிதருக்கு முதலில் அதில் பெரிய அக்கறை இல்லை. அவருடைய மனைவியும் ஒரு தாதி. இதன் அருமை அவருக்கு விளங்கியது. அவர் எடுத்துச் சொன்ன பிறகே பை செய்யப்பட்டது. இன்று உலகமெங்கும் இலட்சக்கணக்கானோர் அணியும் பைகளுக்கு அதுதான் முன்னோடி. ஒரு சகோதரி வீட்டுக்குள் முடங்கியதைப் பொறுக்க முடியாத இன்னொரு சகோதரியால் வந்த நன்மை இது!

அதே காலத்தில் அமெரிக்காவில் நோர்மா கில் என்ற பெண், குடற்புண் நோயால் பல வருடங்கள் துன்பப்பட்டார். 1954இல் கிளீவ்லாந்து கிளினிக்கில் டொக்டர் ரூபர்ட் டர்ன்புல் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்து ஸ்டோமா அமைத்தார். உடல் தேறியதும் நோர்மா சும்மா இருக்கவில்லை. தன்னைப் போன்ற நோயாளிகளைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பையை எப்படி மாற்றுவது, எப்படி உடுப்பது என்று சொல்லிக் கொடுத்தார். இதன் பயனைக் கண்ட டொக்டர், 1958இல் அவரையே அந்த வைத்தியசாலையில் வேலைக்கு அமர்த்தினார். 1961இல் இருவரும் சேர்ந்து இதற்கென்றே ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். இன்று உலக நாடுகளில் ‘ஸ்டோமா தாதி’ என்று ஒரு தனித்துறை இருப்பதற்கு அதுவே வேர். நோர்மா தாதிப் படிப்புப் படித்தவர் அல்ல. அவரிடம் இருந்த படிப்பு, தான் கடந்து வந்த பாதை மட்டும்தான்.

எருக்கலம்பிட்டிக்கு இது புதிதா?

“அதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கு ஒத்து வருமா?” என்று கேட்காதீர்கள். இந்தப் பாடத்தை நமது ஊர் எப்போதோ படித்து விட்டது.

1990 ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் சொந்த மண்ணை இழந்தார்கள். எருக்கலம்பிட்டி மக்கள் கடல் வழியாகக் கல்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். உங்கள் உம்மாவிடமோ உம்மம்மாவிடமோ அந்த நாட்களைக் கேட்டுப் பாருங்கள். கல்பிட்டி, புத்தளம் மக்கள் சோறு கொடுத்தார்கள், இடம் கொடுத்தார்கள். அதை மறக்க முடியாது. ஆனால் அகதி முகாமில் ஒரு பெண்ணுக்கு வேண்டிய அந்தரங்கமான விஷயங்கள் எத்தனை! எந்த நேரத்தில் குளிக்கலாம், எங்கே ஒதுங்கலாம், ஓலைக் கொட்டிலில் வயது வந்த பிள்ளையை எப்படி வைத்துக் கொள்வது? இவற்றையெல்லாம் எந்த அதிகாரியிடம் போய்க் கேட்பது? பக்கத்துக் கொட்டிலில் தமக்கு முன்னே வந்து இறங்கிய இன்னொரு பெண்ணிடம்தானே கேட்க முடியும்?

பிறகு நாகவில்லுவில் குடியேறியவர்களும், 2009இல் யுத்தம் முடிந்த பின் ஊர் திரும்பியவர்களும் அப்படித்தான் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக் கொண்டார்கள். முன்னே போனவர் பின்னே வருபவருக்குக் கை கொடுப்பது என்பது நமக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தை நோய் விஷயத்துக்கும் கொண்டு வருவதுதான் இன்றைய தேவை.

பணம் சேர்ப்பதில் நமது சமூகம் பின்நின்றதில்லை. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெற் ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016இல் கதீஜா பவுண்டேஷன் வேண்டுகோள் விடுத்தபோது இன, மத பேதமின்றி நாடே அள்ளிக் கொடுத்ததைப் பார்த்தோம். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதற்காக 2011இல் தெற்கே தெவிநுவரையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். இயந்திரமும் கட்டடமும் பெரிய நன்மைகள்தான். ஆனால் மன்னாரிலிருந்து மகரகமவுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போகும் அந்தப் பெண்ணுக்கு, பக்கத்து ஆசனத்தில் ஒரு துணை வேண்டும். அதைப் பணத்தால் வாங்க முடியாது.

துணைக்கு வருபவர் யார்? என்ன பேசலாம்?

முதலில், எப்படித் தேடுவது? சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் டொக்டரிடமோ வார்ட் தாதியிடமோ நேரடியாகக் கேளுங்கள்: “இதே ஓப்பரேஷன் செய்து சுகமாக இருக்கும் பெண் ஒருவரோடு பேச முடியுமா?” அவர்கள் அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுத் தொடர்பு ஏற்படுத்தித் தரலாம். ஸ்டோமாப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற தாதி இருக்கிறாரா என்றும் கேளுங்கள். கிளினிக்கில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். அவர் தமிழராக இருக்கலாம், சிங்களவராக இருக்கலாம். நோய்க்கு மொழி கிடையாது. நேரில் வர முடியாவிட்டால் தொலைபேசியும் போதும்.

இதே பாதையைக் கடந்து வந்த சகோதரி இதை வாசித்துக் கொண்டிருந்தால், உங்களிடம்தான் முக்கியமாகப் பேச வேண்டும். நீங்கள் மறைத்து வைத்திருப்பது ஒரு குறையை அல்ல, ஒரு பொக்கிஷத்தை. ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குச் சிகிச்சை செய்த டொக்டரிடம் மட்டும், “இப்படி யாரும் வந்தால் எனது நம்பரைக் கொடுங்கள்” என்று சொல்லி வைத்தால் போதும். உங்கள் உடம்பும் மனமும் நன்றாகத் தேறிய பிறகு இதைச் செய்யுங்கள்.

போய் உட்கார்ந்தால் சில ஒழுங்குகளைக் கவனியுங்கள்.

முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். அவர் அழுதால் அழ விடுங்கள். “எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள்?” என்று கேட்டு, அந்தப் பயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் கஷ்டம் முழுவதையும் ஒரே நாளில் கொட்டி விடாதீர்கள்.

பொய்யான தைரியம் கொடுக்காதீர்கள். “ஒன்றுமே இல்லை, நாளைக்கே எழும்பி நடப்பீர்கள்” என்று சொல்ல வேண்டாம். முதல் சில வாரங்கள் கஷ்டம்தான், முதல் தடவை பையைப் பார்க்கும்போது அழுகை வரும், பிறகு கை பழகி விடும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். தற்காலிக வழியை மூடிய பிறகும் சில மாதங்களுக்கு அடிக்கடி மலசலகூடம் போக வேண்டியிருக்கலாம். அது படிப்படியாகவே குறையும். இதை முன்கூட்டியே அறிந்தவர் கலங்க மாட்டார்.

மருந்து சொல்லாதீர்கள். மருந்து டொக்டரின் வேலை. உங்களுக்குச் செய்த சிகிச்சையும் அவருக்குச் செய்யப் போவதும் வேறாக இருக்கலாம்.

கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். இது அமானிதம். ஒருவருடைய வயிற்றில் என்ன இருக்கிறது என்பது மாமிக்கும் மச்சிக்கும் தெரிய வேண்டிய செய்தி அல்ல.

ஒரு தடவையோடு நிறுத்தி விடாதீர்கள். சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு முறை, வீட்டுக்கு வந்த பின் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை என்று எட்டிப் பாருங்கள். எல்லோரும் வந்து பார்த்துப் போய் வீடு அமைதியான பிறகுதான் தனிமை தொடங்குகிறது.

கணவன் மனைவி உறவு பற்றிப் பெண்கள் இன்னொரு பெண்ணிடம்தான் கேட்பார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகும் இல்லற வாழ்க்கை உண்டு. உடல் ஆறக் காலம் வேண்டும், சிலருக்கு வலியும் வறட்சியும் இருக்கலாம், அவற்றுக்கு வைத்தியரிடம் வழி உண்டு என்பதைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டியவை

அனுபவசாலிகள் சொல்லித் தரக் கூடிய சில விஷயங்களை இங்கே தருகிறோம்.

சத்திரசிகிச்சைக்கு முன்பே ஸ்டோமா வரவேண்டிய இடத்தை வயிற்றில் பேனையால் அடையாளமிடுவது நல்ல வழக்கம். அப்போது படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் போதாது. உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்க்க வேண்டும். நீங்கள் பாவாடை நாடாவை எந்த இடத்தில் கட்டுகிறீர்கள் என்று காட்டுங்கள். “நாங்கள் ருகூஃ, ஸுஜூது செய்வோம்” என்று சொல்லி, அப்படியே குனிந்து காட்டுங்கள். வயிற்று மடிப்புக்குள் மாட்டாத, கண்ணுக்குத் தெரியக்கூடிய இடமாக இருந்தால் பிறகு பையை நீங்களே மாற்றிக் கொள்ளலாம். இந்த ஒரு காரியம் பின்னால் எத்தனையோ கசிவுகளைத் தடுக்கும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்கி விட வேண்டும். நிறைய விட்டால் பாரத்தால் கழன்று விடும். பை மாற்றும்போது தோலை வெறும் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர விட வேண்டும். எண்ணெய், பவுடர் பூசினால் பை ஒட்டாது. ஓட்டை ஸ்டோமாவின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். பெரிதாக வெட்டினால் தோல் புண்ணாகும். வெளியே போகும்போது கைப்பையில் ஒரு மாற்றுப் பையும் ஒரு மாற்று உடுப்பும் இருக்கட்டும். பைகளை வைத்தியசாலை தருமா, எத்தனை தரும், தீர்ந்தால் எங்கே வாங்கலாம் என்பதை வீட்டுக்கு வரும் முன்பே விசாரித்து விடுங்கள்.

சிறுகுடலில் வழி வைத்தவர்களுக்கு உடம்பில் நீரும் உப்பும் வேகமாகக் குறையும். மன்னார் வெயிலைச் சொல்லவும் வேண்டுமா? தண்ணீரோடு ஜீவனியும் தேவைப்படலாம். எவ்வளவு என்று டொக்டரிடம் கேளுங்கள். பை வழமையை விட அதிகமாக நிறைந்து, தலைசுற்றி, சிறுநீர் குறைந்தாலும், பையில் ஒன்றுமே வராமல் வயிறு உப்பி வாந்தி வந்தாலும் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வயிற்றுத் தசை ஆறும் வரை தண்ணீர் வாளி, அரிசி மூட்டை தூக்கக் கூடாது. இது நோயாளியை விட வீட்டிலுள்ள ஆண்களுக்கும் மருமக்களுக்கும் சொல்ல வேண்டிய செய்தி.

தொழுகையும் நோன்பும்

இப்போது உம்மாவின் கேள்விக்கு வருவோம். ஸ்டோமா உள்ளவர் தொழலாம். தொழவும் வேண்டும். அடக்க முடியாமல் தொடர்ந்து சிறுநீர் சொட்டுபவரைப் போல இவரும் தங்கடமுள்ளவர் என்றே உலமாக்கள் விளக்குகின்றனர். தொழுகை நேரம் வந்த பின் பையை வெறுமையாக்கித் துப்புரவு செய்து, ஒவ்வொரு பர்ளுக்கும் வுளூச் செய்து தொழ வேண்டும். தொழுது கொண்டிருக்கும்போது தன்னையறியாமல் பையில் ஏதும் இறங்கினாலும் தொழுகை முறிவதில்லை. குனிய முடியாத நாட்களில் உட்கார்ந்து தொழலாம். உங்கள் நிலைமைக்கேற்ற விபரத்தை ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் அவருடைய மனைவி மூலம் கேட்கலாம்.

பை இருப்பதால் நோன்பு முறிவதில்லை. ஆனால் நீர் வற்றும் ஆபத்து இருப்பதால், குறிப்பாகச் சிறுகுடல் வழி உள்ளவர்கள், டொக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கக் கூடாது. நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை மறுப்பது பக்தி ஆகாது.

பார்க்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை. ஆனால் நாம் எப்படி விசாரிக்கிறோம்? பத்துப் பேராகப் போகிறோம். “இதே வருத்தம்தான் இன்னாருக்கும், ஆறு மாதத்தில் மௌத்தாகி விட்டார்” என்று அவர் காது படச் சொல்கிறோம். பை எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடுகிறோம். இந்த நோய் தொற்றாது என்று தெரிந்தும் தேத்தண்ணீர் குடிக்கத் தயங்குகிறோம். இது நலம் விசாரிப்பா, நலத்தைக் கெடுப்பதா?

சுருக்கமாக இருந்து, துஆச் செய்து, எழும்பி வாருங்கள். எழும்பும் முன், “பிள்ளைகளின் சாப்பாட்டை இந்தக் கிழமை நான் பார்த்துக் கொள்கிறேன்” என்று ஒரு வேலையைப் பொறுப்பெடுத்து வாருங்கள். பராமரிக்கும் மகளையும் மறந்து விடாதீர்கள். அவருக்கும் தன்னைப் போல் ஒரு தாயைப் பார்த்துக் கொண்ட இன்னொரு மகளின் பேச்சுத் துணை வேண்டும்.

சகோதரியே! உம்மா அந்த இரவில் கேட்ட கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாமல் போகலாம். பரவாயில்லை. பதில் தெரிந்த ஒருவரை மறுநாள் காலையில் தேடத் தொடங்குங்கள். அவர் வந்து, உம்மாவின் கையைப் பிடித்து, லுஹர் நேரம் வந்ததும், “எழும்புங்க ராத்தா, இரண்டு பேரும் சேர்ந்து தொழுவோம்” என்று சொல்லட்டும். பிறகு ஒருநாள் உங்கள் உம்மாவே இன்னொரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு, இன்னொரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்காருவார், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற நமது சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.